உச்சி மண்டை என்று நான் கேட்டது

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, வயசான பொம்பளை, காது மந்தம் என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தவள் நான். மழைக்காலத்தில், லைன் முழுக்க இரைச்சலாக இருக்கும்போது, பம்பாயிலிருந்து ஒருவர் சொல்லும் பெயரை ஒரே தடவையில் பிடித்துவிடுவேன். கூட வேலை பார்த்தவர்கள், பிடிபடாத அழைப்பை எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், என் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து இரண்டே சொல் சொன்னபோது, அதை நான்கு நாள் தப்பாகக் கேட்டேன். அந்த நான்கு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மறதி நோய்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவும்.

என் கணவர் பெயர் கோதண்டம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். ஷிப்ட் தொடங்கும்போது வாசலில் நின்று, வருகிறவர்களின் டோக்கனைச் சரிபார்த்து உள்ளே விடும் வேலை. மானேஜருக்கு வெளியூர் ட்ரங்க் கால் போட்டுக் கொடுப்பதும் அவர்தான். நான் அப்போது ராஜபாளையம் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். ஒரு வருடம் அவர் குரலை மட்டும் கேட்டேன். முகம் தெரியாமலேயே அந்தக் குரலுக்கு நானாக ஒரு முகம் வரைந்து வைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது மூக்கு மட்டும் நான் நினைத்ததைவிடப் பெரிது.

அவர் வீட்டில் தெலுங்கு. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரி, தமிழ். இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை. கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் வந்த அன்று அவர் சொன்னார்: “இந்த வீட்டுக்குள்ள நான் தெலுங்கு பேசினா, நீ வாசல்ல நிக்கிற மாதிரி ஆயிரும். வேண்டாம்.” சொன்னபடி நடந்தார். தும்மினாலும் தமிழில்தான் தும்முவார் என்று நான் கேலி செய்வேன். எனக்காக ஒரு மொழியையே வாசலில் விட்டுவிட்டு வந்தவர் என்பதில் எனக்குப் பெருமை. அந்த மொழியை நாமும் கொஞ்சம் கற்றுக்கொள்வோம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஒரு கீ இருக்கும். இழுத்தால் லைனில் பேசுவது ஆபரேட்டர் காதில் விழும், தள்ளினால் விழாது. இணைப்புக் கொடுத்துவிட்டு, ஆள் பேசத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்ததும் கீயைத் தள்ளிவிட வேண்டும். ராஜபாளையத்தில் எனக்கு அது சுலபம். தெலுங்கு தொடங்கினால் ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். உடனே தள்ளிவிடுவேன். வருடக்கணக்காக அப்படிச் செய்து செய்து, தெலுங்கு காதில் விழுந்தாலே மனது தானாக விலகிக்கொள்ளும். மேற்கு மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி, அந்தப் பேச்சையெல்லாம் தண்ணீர்ச் சத்தமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மதியங்கள் எத்தனையோ.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் மறதி ஆரம்பித்தது. அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிவந்துவிட்டோம். முதலில் மூக்குக் கண்ணாடி, பிறகு தெருப் பெயர். ஒருநாள் காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பஸ் ஏறி ராஜபாளையம் போய் மில் வாசலில் நின்றிருக்கிறார். புதிய காவலாளி அவரைப் பார்த்து, “யாரு நீங்க? டோக்கன் இருக்கா?” என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வாசலில் நடைச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிறவருக்கு, தன்னை யாரென்று கேட்டது விளங்கவே இல்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். காத்திருக்கும் கூடத்தில் ஒரு நீலநிறப் பெஞ்சு, தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் ஃபேன். அவர் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மூளை சுருங்கியிருக்கிறதாம். நிலக்கடலைத் தோட்டுக்குள் பருப்பு காய்ந்து குலுங்குமே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அல்சைமர் என்று நோயின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூளைக்குள் ஒருவகைக் கசடு படிந்து நினைவைக் கெடுக்கும் வியாதி, மெல்ல மெல்லக் கூடும், குணப்படுத்த மருந்து கிடையாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் தோளில் தூங்கிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, யாரிடமாவது டெலிபோனில் சொல்ல வேண்டும் போல இருந்தது. எந்த நம்பரைச் சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த நாளிலிருந்து அவருக்கு எது நடந்தாலும் என் கண் தலைக்குத்தான் போகும். தடுக்கி விழுந்தாலும் தலை, சாப்பிடாவிட்டாலும் தலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் மெதுவாகத்தான் போனது. பெயர்கள் போயின, ஆள் இருந்தார். மாலையில் இரண்டு பேரும் பால்கோவாக் கடைத் தெரு வழியாக நடப்போம். பால் சுண்டும் வாசனை வந்ததும் நின்று, “வாங்கணுமா?” என்பார். வேண்டாம் என்றால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு போதும் என்று நானும் பழகியிருந்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை, எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. காலையில் எழுந்தவர் என்னைப் பார்த்து மிரண்டார். சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டைத் தட்டிவிட்டார். எழுந்து நடக்கப் போய்க் கொல்லைக் கதவருகே விழுந்தார். கூப்பிடக் கூப்பிடக் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறார். பக்கத்து வீட்டார் உதவியோடு ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

ஆறு கட்டில் போட்ட வார்டு. எங்களுடையது ஜன்னலோரம். உச்சிக்கால பூஜைக்கு வைத்தியநாத சுவாமி கோயில் மணி அடித்தால் மெல்லக் கேட்கும். முதல் நாள் அவர் வார்டையே மில் வாசல் ஆக்கிவிட்டார். வருகிறவரிடமெல்லாம் கையை நீட்டி, “டோக்கன்” என்றார். நர்சிடம் கேட்டார், சாப்பாடு கொண்டுவந்தவரிடம் கேட்டார், எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களை வரிசையில் நிற்கச் சொன்னார். என்னிடமும் கேட்டார். கைப்பையைத் துழாவி ஒரு பழைய பஸ் டிக்கெட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம மில் இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வராந்தாவில் போய் அழுதேன்.

மறுநாளிலிருந்து டோக்கனும் போய்விட்டது. தெலுங்கு மட்டும் இருந்தது. முப்பது வருடமாக வாசலில் நின்ற மொழி, கேட்க ஆளில்லாத நேரமாகப் பார்த்து உள்ளே வந்துவிட்டது. முணுமுணு என்று ஓயாத பேச்சு. நான் வழக்கம்போல விலகிக்கொண்டேன். பிதற்றல் என்று நினைத்தேன். போர்வையைக் கசக்குவார், காலை உதைப்பார், முகம் கோணும், அப்போதெல்லாம் இரண்டு சொல் மட்டும் தெளிவாக வரும். எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான்.

“உச்சி மண்ட... உச்சி மண்ட...”

புரிந்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! தமிழில் பேசுகிறார், என்னிடம் சொல்கிறார், உச்சி மண்டையில் நோவு என்கிறார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம் என்று கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், மதுரைக்கு அனுப்பி மறுபடி ஸ்கேன் எடுக்க வைத்தார். ரத்தக் கட்டு இல்லை. காய்ச்சலும் இல்லை. அப்படியானால் மறதி நோய்தான் ஒரு படி முற்றிவிட்டது என்று முடிவாயிற்று. கையை அடித்துக்கொள்கிறார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள். கட்டிய பேண்டேஜ் துணி ராஜபாளையம் பக்கத்துத் தறிகளில் நெய்ததாகத்தான் இருக்கும். நான் ஈரத்துணியை நனைத்து நனைத்து அவர் உச்சந்தலையில் போட்டேன். நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். அவர் என் கையிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டு அதையே சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தேன்.

ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் வசந்தா சனிக்கிழமை வந்தாள். அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. வராந்தாவில் என்னை உட்காரவைத்து என் தலையைச் சீவிவிட்டாள். நான்கு நாளாகச் சீவாத தலை. சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள்:

“அம்மா, டாக்டர் சொல்லிட்டாரு. திங்கக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாம். தூக்கத்துக்கு மருந்து தாராக. இனிமே இப்படித்தான் இருப்பாராம்.”

“இப்படின்னா?”

“இப்படித்தாம்மா. ஒன் மருமகன் நம்ம வீட்டுப் பின் ரூம்புக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டாக. நீ ஒத்தைல எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டு நிப்ப?”

“ஏட்டி, அவிய என்ன திருடனா? வெளிய தாழ்ப்பாள் போட?”

என் பின்னால் நின்று அழுகிறாள் என்று சீப்பு நின்றதில் தெரிந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மருமகன் தங்கமான பிள்ளை, லீவு போட்டு வந்து அந்தத் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. புதன்கிழமை காலையில் போனாரே, அந்த ஆள் அவ்வளவுதானா? திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகப்போவது யாரை? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடப் பால்கோவாக் கடை முன்னால் நின்று சிரித்தவர். ஒரே இரவில் ஒரு மனிதர் அப்படிக் காணாமல் போவாரா என்று என் மனது ஒப்பவே இல்லை. படித்தவர்கள் எல்லோரும் அவர் போய்விட்டார் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் வெயில் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. வார்டே தூங்கியது. ஃபினாயில் வாளியோடு ஓர் அம்மா தரை துடைத்துக்கொண்டு வந்தார். தினமும் வருகிறவர்தான். கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போது நான் காலைத் தூக்கிக்கொள்வேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். பெயர் கூடக் கேட்டதில்லை. எனக்கு அரைத் தூக்கம். கனவில் எக்ஸ்சேஞ்ச் போர்டு தெரிந்தது. எல்லா லைனிலும் அவர் குரல், எந்த ஒயரைச் செருகினாலும் இணைப்புக் கிடைக்கவில்லை.

“உச்சி மண்ட...” என்றார் அவர். நான் கண்ணைத் திறக்காமலே ஈரத்துணியை எடுத்துத் தலையில் வைத்தேன்.

துடைக்கும் சத்தம் நின்றது.

“ஏம்மா, ஐயா தெலுங்குக்காரவுகளா?”

“ஆமா. ராஜபாளையம்.”

“நீங்க?”

“நான் இந்த ஊருதான். தமிழு.”

“அதானே பாத்தேன்.” அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அவிய கெடந்து கத்துதாக, நீங்க தலையில துணியப் போட்டுக்கிட்டே இருக்கீகளேன்னு நெனச்சேன்.”

“என்னம்மா சொல்லுதீக?”

“உச்சின்னா சொல்லுதாக? நல்லாக் கேளுங்க. உச்ச. உச்சன்னா எங்க பேச்சுல ஒண்ணுக்கு. மண்டன்னா எரிச்சல். எங்க வீட்லயும் தெலுங்குதாம்மா.” சொல்லிவிட்டுக் கட்டிலருகே குனிந்து அவரிடமே கேட்டார், “எக்கட மண்ட, அய்யா?” எங்கே எரிகிறது என்று.

முப்பது வருடம் என்னோடு தமிழ் மட்டும் பேசியவர், கண்ணைத் திறந்து அந்த அம்மாவைப் பார்த்தார். கட்டிய கையை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் இழுத்து, விரலால் அடிவயிற்றைக் காட்டினார்.

இரண்டு சொல். இரண்டையும் தப்பான இடத்துக்கு இணைத்துவிட்டேன். நான் தலை தலை என்று சொல்லப்போய் டாக்டரும் தலைக்குள்ளேயே தேடினார். “இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றேன். கோபம்தான், யார் மேல் என்று தெரியாத கோபம்.

“ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்,” என்றார் அவர். “வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு.”

அதன் பிறகுதான் பெயரைக் கேட்டேன். அந்த அம்மா பெயர் அங்கம்மா.

சாயங்காலத்துக்குள் சிறுநீரைச் சோதித்துவிட்டார்கள். சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி வீங்கி வழியை அடைக்குமாம். தேங்கிய நீரில் கிருமி வளர்ந்துவிட்டது. குழாய் வைத்து நீரை வெளியேற்றி, நரம்பில் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகும் பேச்சு நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “என் மேலயும் தப்பும்மா,” என்றார். “வயசானவங்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராது. நான் இதை முதல்லயே பார்த்திருக்கணும்.” நான் கேட்டேன், “ஒண்ணுக்குப் போற இடத்துல கிருமி வந்தா, பெண்டாட்டி ஏன் டாக்டர் மறந்துபோகுது?”

சிரித்தார். என் கணவர் என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தார். சொன்னேன். “அப்ப உங்களுக்கு இது சுலபமாப் புரியும்,” என்று தொடங்கி, தாளில் படம் போட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் உடம்பில் டைம் கீப்பர்கள் மாதிரி காவல் அணுக்கள் உண்டு. அவர்களுக்கு இருப்பது ஒரே கேள்வி: நீ நம்ம ஆளா, வெளியாளா? வெளியாள் என்றால் அடி விழும். இதற்குத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி என்று பெயர். சீழ் என்பதே கிருமியோடு சண்டை போட்டுச் செத்த நம் காவலர்கள்தானாம். மூளைக்குள்ளும் தனியாகக் காவல் இருக்கிறது. இந்த மறதி நோயில் மூளைக்குள் ஒரு கசடு படிகிறதல்லவா, அதைச் சுற்றி அந்தக் காவல் அணுக்கள் கூடி நிற்பதைப் பார்த்திருக்கிறார்களாம். கசடைத் தின்று சுத்தம் செய்யத்தான் வருகின்றன. அது தீராது. வருடக்கணக்காக நின்று நின்று, காவலே கலவரமாகிவிடும். பக்கத்தில் இருக்கிற நல்ல நரம்புகள் மேலும் அடி விழும்.

“அப்படி ஏற்கெனவே கொதிச்சுப்போய் நிக்கிற வாசலுக்கு, கீழே இன்னோர் இடத்துல சண்டைன்னு ரத்தம் வழியாச் சேதி போகுதுன்னு வைங்க,” என்றார் டாக்டர். “அங்கேயும் கைகலப்பு கூடிருது. அதனாலதான் உங்க வீட்டுக்காரர் ஒரே நாள்ல அப்படி ஆயிட்டார்னு நான் நினைக்கிறேன். இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம், முடிவாச் சொல்ல முடியாது. மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்கா வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இந்த மறதி குறைவா வருதோன்னு கூட வெளிநாட்டுல ஒரு சந்தேகம் இருக்கு.”

“மூட்டுவலிக்கு நான் அஞ்சாறு வருஷமாத் திங்கிறேனே டாக்டர். அவியளுக்கும் ஒண்ணு குடுக்கவா?”

“ஐயோ வேண்டாம். வயித்தைப் புண்ணாக்கிரும். சந்தேகத்துக்கெல்லாம் மாத்திரை கொடுக்கக் கூடாது.”

மாத்திரை தின்னவைத்து என் நினைவைக் காத்து, அவர் ஞாபகங்களையும் சேர்த்து நானே சுமக்கட்டும் என்று என் முட்டி அப்போதே தீர்மானித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். “கிருமி அடங்கினா வந்துருவாரா?” என்று வாசலில் நின்று திரும்பிக் கேட்டேன். “கொஞ்சம் வருவார். எவ்வளவுன்னு தெரியாது,” என்றார்.

அந்தக் கொஞ்சத்துக்காகக் காத்திருந்தேன். மருந்துப் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் எங்கே போகிறதென்று தெரியாது. வசந்தா ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவந்தாள். என் தட்டில் அவள் பிசைந்து வைப்பாள், நான் பிள்ளையாகிச் சாப்பிடுவேன். அங்கம்மா தரை துடைக்க வரும்போது செத்த நேரம் நின்று அவர் பேசுவதைக் கேட்டு எனக்குச் சொல்வார். “யாரோ அண்ணனாம், கெணத்துல குதிக்காதன்னு சொல்லுதாக.” இன்னொரு நாள், “பருத்தி நனையுதாம், உள்ள எடுத்து வைக்கச் சொல்லுதாக.” பிதற்றல் என்று நான் நினைத்ததெல்லாம் ஒரு பையனின் வீடும் தெருவும் மழையும். என்னைச் சந்திப்பதற்கு முன்னால் இருந்த அந்த ஊருக்குள் நான் ஒருநாளும் போனதே இல்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில், மலையிலிருந்து குளிர்ந்த காற்று ஜன்னல் வழியாக வந்தது. நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் இம்புட்டு மெலிஞ்சு போயிருக்க?” தமிழ். “சாப்ட்டியா?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தன்னைக் கட்டியிருந்த துணியின் தடத்தைப் பார்த்துவிட்டு, “என்ன இது, அடிபட்டுருச்சா?” என்று கேட்டார். ஆமா, பட்டுருச்சு என்றேன்.

முழுதாக வரவில்லை. பஸ்ஸில் ஒரு பையை விட்டுவிட்டு இறங்கினவர் மாதிரிதான் வந்தார். தெருப் பெயர்கள் கொஞ்சமும், பேரன் முகமும் அந்தப் பஸ்ஸோடு போய்விட்டன. ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது, எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம் அந்த வெளித் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். முகம் கோணாமல் கழற்றிக் கொடுத்தார். கதவில் நான்கு ஆணித் துளைகள் இன்னும் இருக்கின்றன.

பிறகு அங்கம்மாவைத் தேடிப்போய், எனக்குத் தெலுங்கு கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பள்ளிக்கூடம் போகாத எங்கிட்டயா?” ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். நாற்காலியைக் காட்டி உட்காருங்க என்றால் உட்கார மாட்டார், நின்றுகொண்டே பேசுவார். மூன்றாவது வாரம், “தெலுங்குல சொல்லுங்க, உக்காருதேன்,” என்றார்.

“எப்படிச் சொல்ல?”

“மரியாதையாச் சொல்லணும்னா கூர்ச்சோண்டி. புது ஆளு, வெளியாளுக்கு அதான். நம்ம வீட்டு ஆளுன்னா கூர்ச்சோ. அம்புட்டுதான்.”

“கூர்ச்சோ, அங்கம்மா,” என்றேன். உட்கார்ந்தார்.

வலி, பசி, எரிச்சல், தண்ணீர், பயம் என்று உடம்புச் சொற்களை முதலில் கற்றேன். ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். காது நல்ல காது, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை அவர் சோர்ந்து உட்கார்ந்து “மண்ட” என்று முனகியபோது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டே நாளில் வீடு திரும்பிவிட்டோம்.

இதெல்லாம் நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. கிருமி இல்லாமலேயே, டாக்டர் சொன்னது போல மெல்ல மெல்லத்தான் அவர் போய்க்கொண்டிருக்கிறார். தமிழ் அநேகமாக முடிந்துவிட்டது. போன மாதம் ஒரு சாயங்காலம், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தெருவில் எங்கோ பால் சுண்டும் வாசனை. நான் காப்பி கொண்டுவந்து அவர் எதிரில் நின்றேன். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். மில் வாசலில் நின்று பார்க்கும் பார்வை.

“மீரு எவரு?” என்றார். நீங்கள் யார் என்று. வெளியாளிடம் கேட்கும் மரியாதையோடு.

அந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று தெரியும். பழைய நானாக இருந்தால் தெலுங்கு என்று காதை விலக்கியிருப்பேன், இது என்னவென்றே தெரியாமல் தப்பித்திருப்பேன். இப்போது ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. காப்பியைக் கீழே வைத்தேன். இந்தப் பதிலை அங்கம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், ஆறு மாதமாக மனப்பாடம் செய்திருந்தேன்.

“மீ இன்ட்டி மனிஷினி,” என்றேன். உங்கள் வீட்டு ஆள்.

அவர் யோசித்தார். கையை நீட்டப்போகிறார், டோக்கன் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். பெஞ்சில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்து, பக்கத்தில் பலகையைத் தட்டினார்.

“கூர்ச்சோ,” என்றார்.